மீன் டைம்

விழுப்புரத்து மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. திண்டிவனம் அனந்தராஜ் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாராம். 'இன் த மீன்டைம்' போன்ல பேசலாமாம். மீன்டைம்னா என்னாம்மா?"

ப்ரியங்கா தலையைக் குனிந்துகொண்டாள். "மீன் சாப்புடுற நேரம்ப்பா."

"ஜைன வூட்ல பொறந்துட்டு மீன் தின்னுக்கினே பேசுவானாமா? நல்லவேளை, நீ இருந்தே." சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

கல்லூரியில் ஆறு வருடமாக ஆங்கிலம் நடத்தும் ப்ரியங்கா, மாடிக்குப் போய் முகையூர் கோபிக்குச் செய்தி அனுப்பினாள்.

"இந்த வரனும் போயாச்சு. அடுத்த மாசம் நீ வந்து அப்பாகிட்ட பேசு. இன் த மீன்டைம், மீன் திங்கிறத விட்டுத் தொலை."