கண்ணாடிக் கெளுத்தி

“செத்துத் தொலையட்டும்!” என்று டின்னிலிருந்த எண்ணெய் முழுவதையும் குட்டையில் கவிழ்த்தார் அய்யாவு.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்கே தண்ணீர் தேங்கினாலும் வாராவாரம் கொசுவெண்ணெய் ஊற்றுவது அவர் வேலை. இந்தக் குட்டையை மட்டும் மூன்று மாதமாகத் தொடவில்லை. மீன் விட்ட குட்டைக்கு எண்ணெய் வேண்டாம், கொசுப்புழுவை மீனே தின்றுவிடும் என்பது ஆபீஸ் சட்டம்.

“கண்ணாடிக் கெளுத்தி விட்டிருக்கேண்ணே. எண்ணெய் ஊத்தினா செத்துடும்” என்று அன்று கையெடுத்துக் கும்பிட்டாள் தனலெட்சுமி. புருஷன் போனபின், குட்டையைச் சுற்றிக் கீரை போட்டுப் பாசார்ச் சந்தையில் விற்று மகள் ரமணியை வளர்க்கிறவள்.

சீனன் கடைத் தொட்டியில் அந்த மீனை அய்யாவும் பார்த்திருக்கிறார். வெறும் முள் நீந்துவது மாதிரி இருக்கும். இங்கே குனிந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

“உடம்பே கண்ணாடிண்ணே, நல்லாப் பாருங்க.”

கண் மங்கிவிட்டது என்று தெரிந்தால் வேலை போய்விடுமே! “ஆமாமா, அந்தா ரெண்டு போவுது!” என்றார் மனுஷன். சுகாதார இன்ஸ்பெக்டரிடமும் அதையே சொல்லிவைத்தார்.

இப்போது ரமணிக்குக் கொசுக்கடியால் வரும் குளிர்காய்ச்சல். ஐந்து நாளாகப் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள் என்று காலையில்தான் கேள்விப்பட்டார். ஓடிவந்து குனிந்தால், குட்டை முழுக்கப் புழு நெளிந்தது. அது அவர் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. இத்தனை புழுவைத் தின்னாத மீன் இருந்தென்ன, செத்தென்ன?

மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தனலெட்சுமி, காலி டின்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அய்யாவு தலையில் அடித்துக்கொண்டார். “என்னை மன்னிச்சிடு தங்கச்சி. அன்னைக்கு என் கண்ணுக்கு ஒரு மீனும் தெரியல. தெரிஞ்ச மாதிரி பொய் சொன்னேன். எண்ணெய் ஊத்தாம விட்டு உன் புள்ளைய இந்தக் கதிக்கு ஆக்கினவன் நான்தான். இப்ப உன் மீனையும் கொன்னுட்டேன்!”

தனலெட்சுமி அழவில்லை. தண்ணீரில் பரவும் எண்ணெயையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“எண்ணெய்த் தண்ணிய ஊத்தினா கீரை கருகிடும்ணே” என்றாள்.

புள்ளை சாகக் கிடக்கும்போது கீரையைப் பற்றிப் பேசுகிறாளே, புத்தி பேதலித்துவிட்டதோ என்று அய்யாவு பதறினார்.

அவள் குட்டையோரம் அப்படியே உட்கார்ந்தாள்.

“அதுக்காகத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். இதுல நான் மீனே விடலண்ணே.”