முரட்டுக் கொடி

"செண்டு வாசனையோட இந்த மேஜைப் பக்கம் வராதீங்க முசியே! போய்க் கழுத்தைக் கழுவிட்டு வாங்க!"

ஒதீல் போட்ட சத்தத்தில் திபோ வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் திராட்சைத் தோட்டத்தின் புது நிர்வாகி. அதைவிடப் பெரிய பதவி, முதலாளியம்மா மதாம் கிளெர்வோவின் மாப்பிள்ளை. அவனைப் பார்த்துக் கழுத்தைக் கழுவு என்று சொல்ல பிரான்சின் அந்த மெதோக் வட்டாரத்திலேயே ஒருத்திக்குத்தான் தைரியம் உண்டு. இருபத்தாறு வருஷமாக ஒயின் கிடங்கு அவள் பொறுப்பு. எந்தப் பீப்பாயோடு எதை, எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்கிற நாளில் அவள் முதலாளிக்கே அடங்க மாட்டாள்.

திபோ கழுவிவிட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு வந்து உட்கார்ந்தான். மேஜையில் வெள்ளைத் துணி. அதன் மேல் சாக்பீஸால் எண் போட்ட இரண்டே புட்டிகள். ஒன்றில் பெத்தி வெர்தோ திராட்சையின் ஒயின் கலந்திருந்தது, மற்றதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கொடிகள் நிற்பது மாதா கோயிலுக்குப் பின்னால், இரண்டு ஏக்கரில். பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் போட வேண்டும் என்று திபோ ஒற்றைக்காலில் நின்றான். மண் வெட்டும் இயந்திரத்தை நேற்றே கொண்டுவந்து வரப்பில் நிறுத்தியாயிற்று.

"மத்ததெல்லாம் அறுவடை முடிஞ்சு நிக்கும்போது அது மட்டும் பச்சையா முழிச்சிக்கிட்டு இருக்கு" என்றான் அவன். "முரட்டுக் கொடி. அதுக்குப் போய் ரெண்டு ஏக்கரா?"

"லேட்டானா என்ன? பழுக்குதா இல்லையா? நீங்ககூடத்தான் நாப்பது வயசுல முதல் வேலைக்கு வந்தீங்க. உங்களை யாராவது பிடுங்கி எறிஞ்சாங்களா?"

எதிரில் உட்கார்ந்திருந்த மதாம் கிளெர்வோ கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சண்டை போதும். மாப்பிள்ளை, நீங்களே ருசி பாருங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான் இந்த வருஷத்து ஒயின். அதுக்கு வேண்டிய கொடி இருக்கட்டும், வேண்டாதது போகட்டும். இதுக்கு மேல யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

ஒதீல் இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். திபோ கோப்பையைத் தொடவில்லை.

"முதல்ல எதுல அந்தக் கொடி இருக்குன்னு சொல்லுங்க."

"குடிச்சுட்டுக் கேக்கிறதுதான் இங்க வழக்கம்."

"நான் நிர்வாகி. கேட்டா பதில் சொல்லணும். எது?"

ஒதீலுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷத்தில் இந்த மேஜையில் உட்கார்ந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரிய முதலாளி உயிரோடு இருந்தபோது அவர்கூடக் கேட்டதில்லை.

"ஒண்ணாம் நம்பர்! போதுமா?" என்றாள்.

அவன் ஒன்றாம் கோப்பையை உறிஞ்சினான். ருசி பார்த்ததைத் துப்புவதற்கென்றே வைத்திருந்த வாளியில் அடுத்த நொடியே துப்பினான்.

"ஐயையோ! நாக்கைச் சுரண்டுது! இது ஒயினா, கஷாயமா?"

"அதுல ஒரு குறையும் கிடையாது. என் கையால கலந்தது."

"உங்க கைமேல உங்களுக்கு ரொம்பத்தான் நம்பிக்கை."

இரண்டாவதை எடுத்தான். உறிஞ்சினான், கண்ணை மூடினான், துப்ப மறந்து விழுங்கியே விட்டான்.

"அடடா! என்ன மணம், என்ன அழுத்தம்! தொண்டையில இறங்கின பிறகும் நிக்குது பாருங்க. அந்தச் சனியனை எடுத்ததும் ஒயினுக்கே உயிர் வந்துடுச்சு! அத்தை, நீங்க?"

மதாம் இரண்டையும் ருசித்தாள். நிதானமாகத் துப்பினாள். "ரெண்டாவதுதான். சந்தேகமே இல்லை" என்றாள்.

"நல்லா யோசிச்சுக்கங்க" என்றாள் ஒதீல். "அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எதுக்கு மாறணும்? தோத்தா ஒத்துக்கணும் ஒதீல். கெஞ்சிப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க."

"கெஞ்சறதா? நானா? கையெழுத்தைப் போடுங்க முசியே."

முடிவுத் தாளில் 'இரண்டாம் எண்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, தன் பெயரைச் சுழித்துக் கையெழுத்திட்டான் திபோ. மதாம் பேனாவை வாங்கும்வரை ஒதீல் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மதாமும் கையெழுத்துப் போட்டாள்.

"கலவை விவரத்தைக் கீழே எழுதிடுங்க" என்றான் திபோ எழுந்துகொண்டே. "எழுதிட்டு நேரா வரப்புக்குப் போய், மெஷின்காரன்கிட்ட வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க."

ஒதீல் உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுதி, தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

'திராட்சை வகை, சதவீதத்தில்: காபர்னே 64, மெர்லோ 30, பெத்தி வெர்தோ 6.'

திபோவின் முகம் வெளுத்தது. "ஒண்ணாம் நம்பர்லதான் இருக்குன்னு சொன்னீங்களே!"

"குடிக்கறதுக்கு முன்னாடியே கேட்டா இங்க பொய்தான் சொல்லுவாங்க முசியே" என்றாள் ஒதீல். "மெஷின்காரனைத் திரும்பிப் போகச் சொல்லணும். நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."