மடித்து வைத்த பாலம்

குளிர்காலம் வருமுன் எங்கள் மலை ரயிலின் இரும்புப் பாலத்தை மடித்துக் கரையில் சாய்த்துவிடுவோம். இல்லாவிட்டால் பனிச்சரிவு அள்ளிக்கொண்டு போய்விடும். ஜூனில் மறுபடி விரிப்போம். சம்பளம் கிடையாது, நீராவி எஞ்சின் மேல் பைத்தியம், அவ்வளவுதான்.

இந்த வருடம் விரிக்கப் போன காலையில், ஊன்றுகோல்களோடு மலையேற வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நின்றார். கன்னத்தில் கரி.

“விடியக்காலைல உங்க ரயில்லதான் கணவாயிலேர்ந்து இறங்கினேன். அருவி பாக்கணும்னேன், பாலத்து நடுவுல நிறுத்தினாரு டிரைவர். கையில இருந்த காபி அலுங்கல. அதுக்குள்ள பாலத்தை மடிச்சிட்டீங்களே, கெட்டிக்காரங்கதான்!”

எஞ்சின் கீழே கொட்டகையில் குளிர்ந்து கிடந்தது. எங்கள் அலோய்ஸ் சிரித்தான். “இந்த லைனுக்கு டிரைவர் நான் ஒருத்தன்தாம்மா. மேல விடுதியில சாராயம் கொஞ்சம் ஜாஸ்தியோ?”

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க இல்லப்பா. அவர் கை பதமான கை.”

அலோய்ஸ் பிரேக் போட்டால் பயணிகள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாள் ஏறிப் போய்விட்டார்.

மதியம் பாலத்தை விரித்துப் பூட்டினோம். இரு கரையிலும் தண்டவாளம் துருவேறிச் சிவந்திருந்தது. சக்கரம் உருண்டால்தான் அந்தத் துரு போகும். பாலத்தின் மேல் மட்டும் தண்டவாளம் கண்ணாடியாகப் பளபளத்தது. நட்டநடுவில், எஞ்சின் நின்றால் சொட்டுமே அந்த எண்ணெய், ஈரமாக.

அலோய்ஸ் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

“என்னமா நிறுத்தியிருக்காருய்யா!” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “நாளைக்கு முதல் வண்டி நான்ல ஓட்டணும். பாத்துக்கிட்டு இருப்பாரே.”