மகள் அனுப்பிய எண்ணெய்

அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுக்க அலமாரியைத் திறந்த மகளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

மாதம் தவறாமல் அவள் தபாலில் அனுப்பிய லவங்கப்பட்டை எண்ணெய் பாட்டில்கள், மூடிகூடத் திறக்காமல் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதிலும் எண்ணெய் கழுத்துவரை அப்படியே இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி வந்தாள்.

"இதெல்லாம் என்ன? கொலு வைக்கவா அனுப்பினேன்?"

அண்ணி அவசரமாகக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அம்மா கண்மூடிப் படுத்திருந்தாள்.

"மெதுவாப் பேசும்மா. அத்தை இப்பத்தான் கண்ணசந்தாங்க. வா, உள்ளே போயிடலாம்."

சமையலறைக்குள் கால் வைத்ததுமே மகள் பிடித்துக்கொண்டாள்.

"முதுகு வலிக்கு நல்லதுன்னு தேடிப் பிடிச்சு அனுப்பறேன். துளி கலப்படம் கிடையாது. நீங்க தினமும் எங்கம்மாவுக்கு எதைத்தான் தேய்ச்சு விடுறீங்க?"

"தேங்காய் எண்ணெய்தான்."

"அதானே பார்த்தேன்."

"கலப்படம் இல்லைங்கறதுதாம்மா பயமே. அது அவ்வளவு காரம். ஒரு கரண்டி சாதா எண்ணெயில ஒரு சொட்டு விட்டாலே அதிகமாம். அத்தைக்குத் தோல் காகிதம் மாதிரி ஆயிடுச்சு, கிட்டவே கொண்டு போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். முதல் பாட்டில் வந்தப்போ என் கையில விட்டுப் பார்த்தேன். இதோ பாரேன்."

முழங்கைக்குக் கீழே காசு அளவுக்குக் கறுத்துப்போன தழும்பு இருந்தது. மகள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"உங்களுக்கு ஒத்துக்கலைன்னா எங்கம்மாவுக்கும் ஒத்துக்காதா? மரத்திலிருந்து எடுக்கிறது அண்ணி. இயற்கையா வர்றது என்ன கெடுதல் பண்ணிடப்போகுது? குனிஞ்சு தேய்க்க உடம்பு வணங்கலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அடுப்பில் பால் பொங்கிவர, அதை இறக்கத் திரும்பிவிட்டாள்.

மகள் பாட்டிலோடு நேரே அம்மாவிடம் போனாள். அலுவலகத்தில் யார் கேட்டாலும், "தூரத்துல இருந்தாலும் அம்மாவை நான்தான் கவனிச்சுக்கறேன்" என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்த எண்ணெயை வைத்துத்தான். அதை இப்படி மூலையில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று நெஞ்சு கொதித்தது.

அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். உள்ளங்கை நிறைய ஊற்றி முதுகில் வைத்தாள்.

அம்மா கண் விழித்தாள். "நீயாடி?" என்று கோணிய வாயால் சிரித்தாள்.

"நானேதாம்மா. பேசாம படு."

சற்று நேரத்தில் அம்மா முனகினாள். "சுடுதுடி."

"சூடு ஏறினாத்தான் வலி இறங்கும். பொறுத்துக்கோ."

இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தன் உள்ளங்கையும் எரிய ஆரம்பித்தபோதுதான் சந்தேகம் தட்டியது. குனிந்து பார்த்தாள். முதுகு நெருப்பாகச் சிவந்து கிடந்தது. அம்மாவின் நல்ல கை படுக்கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"அண்ணி!"

அண்ணி ஓடி வந்தாள். மகள் தண்ணீர் சொம்பைத் தூக்க, அண்ணி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம், எண்ணெய் தண்ணியில கரையாது. இன்னும் பரவும்."

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு சோப்பு நுரையால் மெல்லக் கழுவினாள். அதற்குள் இரண்டு இடங்களில் கொப்புளம் எழும்பிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டாள். உடனே வருவதாகச் சொன்னார்.

வாசலுக்குப் போனவளை மகள் வழியில் மறித்தாள். விட்டுக்கொடுக்க அப்போதும் மனசு வரவில்லை.

"இவ்வளவு மோசமானதுன்னு முன்னாடியே போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"சொன்னேம்மா. 'நீங்க என்ன டாக்டரா'ன்னு கேட்டு போனை வெச்சுட்டே."

அண்ணியின் குரலில் கோபம்கூட இல்லை. டாக்டருக்கு வழிகாட்ட வெளியே போய்விட்டாள்.

மகள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். நடந்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது, யார் மேல் பழி விழுகிற மாதிரி சொல்வது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நோய் வந்ததிலிருந்து பேச்சு குழறும். ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துத்தான் சொன்னாள்.

"'உங்க பொண்ணு அனுப்பின எண்ணெய் அத்தை'ன்னு சொல்லிச் சொல்லித்தான் உன் அண்ணி தினமும் தேய்ச்சு விடுறா. அவ கையில அவ்வளவு இதமா இருக்குமே... உன் கை பட்டா மட்டும் ஏன்டி இப்படி எரியுது?"