நிலவன் கையிலிருந்த சாவி

கார் சாவிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பின்சீட்டில் பெல்ட் மாட்டும்போதெல்லாம் குழந்தை நிலவன் முரண்டு பிடிப்பான். அம்மா உடனே சாவியைத்தான் அவன் கையில் கொடுப்பாள்.

"உன்னை யாரு சீண்டுறா?" என்று அம்மாவின் தோள்பையில் கிடக்கும் கிலுகிலுப்பையைச் சாவி கேலி செய்யும்.

அன்றும் அப்படித்தான். பெல்ட்டை மாட்டிவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். அவள் முன்பக்கம் வருவதற்குள் நிலவன் சாவியின் பட்டனை அழுத்திவிட்டான். எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன. வெயில் ஏற ஏறப் பிள்ளை சிணுங்கினான். சாவிக்குத் திறக்கத் தெரியும், தன்னைத்தானே அழுத்திக்கொள்ளத்தான் வழியில்லை.

அம்மா கிலுகிலுப்பையை எடுத்து ஜன்னலருகே ஆட்டினாள். அதைப் பிடிக்க நிலவன் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கையிலிருந்த சாவியின் இன்னொரு பட்டன் அழுந்தி, கதவு திறந்துகொண்டது.

மறுநாள் பெல்ட் மாட்டும்போது நிலவன் சாவி கேட்டு வீறிட்டான். அம்மா கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உன்னைக் கேட்டுத்தான் அழுறான்," என்றது கிலுகிலுப்பை.

"அழட்டும்," என்றது சாவி. "கதவு திறந்துதானே இருக்கு, அம்மா தூக்கிப்பா."