யார் கொடுத்தது?

குழந்தை வைரஸ் காய்ச்சலில் போய்ப் பதினெட்டு நாளாகியும் அக்கா அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வைரஸ் ஆராய்ச்சின்னு பதினஞ்சு வருஷமா குப்பை கொட்டுறியே, எம் பொண்ணுக்கு அதை யார் கொடுத்தாங்கன்னு சொல்ல முடியாதா?"

முடியும். வைரஸ் ஆள் மாறி ஆள் தாவும்போது அதன் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை வரிசைப்படுத்தினால் வந்த வழி தெரிந்துவிடும். காய்ச்சல் நாட்களில் வீட்டில் எல்லோரிடமும் எடுத்த சளி மாதிரிகள் ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக இருந்தன. என்னுடையதும் இருந்தது.

இன்று முடிவோடு போனேன்.

"குழந்தையைப் பாத்துக்க வந்த அந்த ஆயாதானே? எனக்கு அவ மேலதான் சந்தேகம்."

"பாவம், அவங்க இல்லக்கா."

"உங்க மாமாவா?"

"அவரும் இல்ல."

"பின்ன யாருடி?"

"நான்தான்க்கா. ஆய்வுக்கூடத்துலேருந்து என்கூடவே வந்திருக்கு."

அக்கா கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"மடியில வெச்சுக் கொஞ்சிக் கொஞ்சியே கொன்னுட்டியேடி. இனிமே எம் மூஞ்சியில முழிக்காத."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினேன்.

காரில் காத்திருந்த என் உதவியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெத்த அம்மாகிட்டேருந்துதான் குழந்தைக்கு வந்துச்சுன்னு அவங்ககிட்டயே எப்படி மேடம் சொன்னீங்க? எப்படித் தாங்கினாங்க?"

"என்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"உங்க மாதிரியில வைரஸே இல்லையே மேடம்."

"அவ உயிரோட இருக்கணுமே. வண்டியை எடுங்க."