நிரூபாவின் முட்டை அலர்ஜி

"டொக்டரிட்டைப் போகேக்கை கிளடிஸ் அக்காவையும் கூட்டிக்கொண்டு போவம்" என்று புருஷன் விநாயகமூர்த்தி சொன்னதும், "அவ என்னத்துக்கு?" என்று தடுத்தாள் ரதி.

பள்ளிக்கூடம் விட்டபிறகு பிள்ளையைப் பார்ப்பது அவதானே, டொக்டர் ஏதும் கேட்டால் அவதான் சொல்லவேண்டும் என்று காரணமும் சொன்னார்.

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் அப்படித்தான். ஒரு மாடியில் பாதி வீடு தமிழர் வீடு, பகலில் ஒரு கதவும் பூட்டுவதில்லை. ரதி தொழிற்சாலையால் வரும்வரைக்கும் மகள் நிரூபா எதிர்வீட்டுக் கிறிஸ்தவர் கிளடிஸின் பிள்ளை. இப்போது எல்லாரும் மார்க்கம், ரூஜ் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. அந்த மாடியை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஏங்கும்.

மூர்த்தி சுத்த சைவம். வீட்டுக்குள் முட்டை மணமே வரக்கூடாது. நிரூபாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, எங்கள் பிள்ளை முட்டை சாப்பிடமாட்டாள் என்று சொல்லிப் பார்த்தார். ரீச்சர் சிரித்துவிட்டு, போகப்போகப் பழகிவிடுவாள் என்றார். மற்ற நாள் போய் 'முட்டை அலர்ஜி' என்று ஒரு பொய்யைப் போட்டார். பள்ளிக்கூடமே நடுங்கிவிட்டது.

"கடவுளுக்குப் பயப்படாததுகள் அலர்ஜிக்குப் பயப்பிடுதுகள்" என்று மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்தப் பொய்தான் கடைசியில் காலைச் சுற்றிய பாம்பாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சின்னமுத்து என்கிற தட்டம்மை பரவ, பிள்ளைகள் எல்லாருக்கும் இரண்டாவது ஊசி போட்டார்கள். நிரூபாவை மட்டும் நேர்ஸ் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். அந்த மருந்தைக் கோழிக்கருவில் வளர்ப்பார்களாம். பிள்ளைக்கோ முட்டை அலர்ஜி. போதாததற்கு, குழந்தையாக இருந்தபோது போட்ட முதல் ஊசிக்கும் உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. அலர்ஜி டொக்டர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி. ஊசி போடும்வரை பள்ளிக்கூடம் இல்லை.

ரதியின் பயம் வேறு. பிள்ளை ஈர்க்கு மாதிரி இருக்கிறாளே என்று, புருஷனுக்குத் தெரியாமல் முட்டை வாங்கி, கிளடிஸின் குசினியில் அவித்துக் கொடுத்து வந்தாள். அலர்ஜியாவது மண்ணாவது, ஒன்று கொடுத்தால் இன்னொன்று கேட்கிற பிள்ளை அது. ஆனால் மூர்த்தியை வைத்துக்கொண்டு அதை எந்த வாயால் சொல்வது?

டொக்டர் நரசிம்மன் தமிழ்நாட்டுக்காரர். அலர்ஜிக் கதையை மூர்த்தி அசடு வழிய ஒப்புக்கொண்டபோது, தானும் வந்த புதிதில் அப்படிச் சொல்லித்தான் தப்பித்ததாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு முதல் ஊசியைப் பற்றி விசாரித்தார். தடிப்பு ஒரு கிழமை கழித்துத்தான் வந்தது என்றாள் ரதி. அது அலர்ஜியாக இராது, அலர்ஜி என்றால் அன்றைக்கே காட்டியிருக்கும் என்றார்.

"இன்னும் ஒரே கேள்விதான். குழந்தை எப்பவாவது முட்டை சாப்பிட்டிருக்காளா? சாப்பிட்டு ஒண்ணும் ஆகலைன்னா இன்னிக்கே ஊசி போட்டுடலாம். சாப்பிட்டதே இல்லைன்னா டெஸ்ட் பண்ணித்தான் பார்க்கணும். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும்."

ஊரெல்லாம் சின்னமுத்து. இரண்டு மாதம் பிள்ளைக்கு ஊசி இல்லை.

ரதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மூர்த்தி சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் குடுத்தனான், டொக்டர்" என்றார் கிளடிஸ். "அவிச்ச முட்டை. கனநாளாய்க் குடுக்கிறன். தாய் தேப்பனுக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒரு சொறி கடிகூட வந்ததில்லை."

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் இருத்தி வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, பசிக்கிறது என்றாள்.

மாடிக்கு வந்ததும் மூர்த்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்தினார்.

வெளியே நின்ற ரதி, கிளடிஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"பேசாமல் இரு. வேதக்காரி குடுத்தவள் எண்டால் நாலு நாள் கோவம். பெண்சாதி ஒளிச்சுக் குடுத்தவள் எண்டால் அது ஆயுசுக்கும் மாறாது" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார் கிளடிஸ்.

அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இனி மூர்த்தி பிள்ளையை இங்கே விடப்போவதில்லை. அந்தப் பிள்ளை இல்லாத பின்னேரங்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பொழுதுபடக் கதவு தட்டுப்பட்டது. மூர்த்திதான். ஒரு கடைப்பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிளடிஸ் வாங்கித் திறந்து பார்த்தார். ஒரு பெட்டி முட்டை.

"ரதி வாங்கி வைச்சது முடிஞ்சிருக்கும்" என்றார் மூர்த்தி, நிலத்தைப் பார்த்தபடி.

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ?" என்றார் கிளடிஸ்.

"குறை நினையாதேங்கோ அக்கா. பிள்ளையைக் கொஞ்சேக்கை மணக்காதே? அவவின்ரை வாயாலை சொல்ல வைச்சால் பிறகு என்ரை முகத்தை நிமிந்து பாக்கமாட்டா. நீங்கள் அவவை விட்டுக்குடுக்கமாட்டியள் எண்டு தெரிஞ்சுதான் உங்களையும் வரச்சொன்னனான்."

எதிர்வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எனக்குத் தெரியுமெண்டு மட்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், பிறகு குடுக்கமாட்டா."